பொட்டு வைக்க நெற்றி இல்லாத கிட்டார்

இசைக்கருவிக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுகிற ஆளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. முப்பது வருஷத்துக்கும் மேலாக விருதுநகரில் ஒரு கடையில் கிட்டார் விற்றேன், கம்பி மாற்றினேன், முறிந்ததை ஒட்டினேன், ஒட்டியது மறுபடி முறிந்து வந்தபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். வாசிப்பு மட்டும் வரவே இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டின் முன்பாதி. எந்தக் கிட்டாரை எடுத்தாலும் அதைத்தான் வாசித்துக் காட்டுவேன். பாதியில் நிறுத்தி, "மிச்சத்தை நீங்க வாசிங்க, அப்பத்தான் இதோட அருமை தெரியும்" என்று வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவேன். அப்படி விற்றவை ஏராளம். நான் ஓய்வு பெற்ற நாளில் எங்கள் முதலாளி என்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். "பாதிப் பாட்ட வச்சே முழுச் சம்பளம் வாங்குன மனுசன்" என்றார். அது பாராட்டுதான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்களில் பலர் வேலைக்கு வந்த சில மாதங்களில் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். நல்ல நல்ல கிட்டாரெல்லாம் தூசி பிடித்துத் தொங்குகிறது, சுமாரான ஒன்றுக்கு நாலு பேர் போட்டி போடுகிறார்கள், இது ஏன் அண்ணே? இதற்கு நான் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிப்பதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். கிட்டார் வாங்க வருகிறவர் கண்ணோடு வருகிறார். காதை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார் என்று சொல்லமாட்டேன். கொண்டுதான் வருகிறார், ஆனால் அதில் இயர்போன் இருக்கிறது.

இடுப்பு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கிய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று உண்டு. உட்கார்ந்து வாசிக்க அதைப்போல் சுகமானது கிடையாது. "சப்பாத்தி தேய்க்கத் தெரியாதவன் தேய்ச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். உடம்பில் பாதி உள்ளே வெறும் கூடாக, முகத்தில் வளைந்த இரண்டு துளைகளோடு இன்னொரு வகை. மெல்லிசைக்கு அப்படியே குழைந்து கொடுக்கும். "ஓட்டை வழியாப் பல்லி போயிருமா?" என்று ஒருவர் கேட்டார். போகாது என்று சத்தியம் செய்தேன். போயிருந்தது. கழுத்து நீளம் குறைந்த ஒன்று இருக்கிறது, சின்னக் கைக்காரர்களுக்கென்றே செய்தது. "இது பிள்ளைகளுக்குள்ளதா?" என்று கடையில் யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அதன்பின் மீசை வைத்த எவரும் அதைத் தொடமாட்டார்.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் ஆச்சரியப்படுவதே தப்பு. பட்டாசு வாங்குகிறவர் யாராவது திரியைப் பார்த்து வாங்குகிறாரா? பெட்டிமேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார். கிட்டாரும் அப்படித்தான். யாரோ ஒரு நடிகர் ஏதோ ஒரு போஸ்டரில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ அதுதான் கிட்டார். அந்த உருவத்தில் ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் அது வேறு ஏதோ சாமான்.

இதில் எல்லாவற்றிலும் அதிகமாகக் கேவலப்பட்டது தலையில்லாத கிட்டார். அதன் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

சாதாரணக் கிட்டாரில் கழுத்தின் நுனியில் ஒரு தலை இருக்கும். சுருதி சேர்க்கிற ஆறு கீயும் அதில்தான் இருக்கும். இந்த வகையில் அந்தக் கீக்களைக் கீழே, உடம்பில் கம்பி முடிகிற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கழுத்து முடிந்த இடத்தில் கிட்டாரும் முடிந்துவிடுகிறது. எடை குறைவு. நீளம் குறைவு. தோளில் மாட்டினால் கழுத்துப் பக்கம் சாயாது. வெயிலில் கிடந்தாலும் சுருதி சட்டென்று விலகாது. இதையெல்லாம் ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு நானே மெனக்கெட்டு மொத்த வியாபாரியிடம் சொல்லி ஒன்றே ஒன்று வரவழைத்தேன். லோடு வந்து பெட்டியைப் பிரித்தபோது எங்கள் முதலாளி, ஊரெல்லாம் அண்ணாச்சி என்று கூப்பிடும் மனிதர், பக்கத்தில் நின்றார்.

"என்னலே, பாதியத்தான் அனுப்பியிருக்கான்? மீதி எந்த லோடுல வருது?"

"அம்புட்டுத்தான் அண்ணாச்சி. இதுக்குத் தல கிடையாது."

"தல கிடையாதா? அப்ப வெலையில கொறச்சிருப்பான்ல?"

"இல்ல அண்ணாச்சி. தல உள்ளதவிட இது கூட."

அண்ணாச்சி போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடையில் ஒரு வழக்கம். அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வருவார். தபேலா, கீபோர்டு, ட்ரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். கிட்டார்களுக்குத் தலையில், நெற்றி மாதிரி இருக்கும் இடத்தில் வைப்பார். வரிசையில் இந்தத் தலையில்லாததற்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டார். சந்தனம் தொட்ட விரல் மேலே போனது. அங்கே ஒன்றும் இல்லை. விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அடுத்த கிட்டாருக்குப் போய்விட்டார்.

அன்று முதல் கடையில் அதன் பெயர் முண்டம். கதவுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி தொங்கவிட்டோம். எனக்கும் தலையில் ஒன்றும் மிச்சமில்லாத காரணத்தால் அதன்மேல் ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது. தினமும் துடைப்பேன். அந்த அரைப்பாட்டை அதில் வாசிப்பேன். வருகிறவர் கேட்டுவிட்டு, "நல்லாருக்கே" என்று கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். பார்த்ததும், "தல உள்ளதுல இதே சத்தம் வருமா?" என்பார்.

இப்படி இருக்கையில்தான், அடுத்த வருஷத்து ஆயுத பூஜை நெருங்கும்போது, மாரீஸ்வரி வந்தாள். அச்சங்குளத்துப் பெண். வீட்டில் எல்லோரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள்; இவள் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்தாள். தினசரி காலண்டருக்கு அட்டை ஒட்டுவது, மேலே தகரம் அடிப்பது. வேலை முடிந்தபிறகு ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார். காலையில் கம்பெனி வேனில் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு வந்தால்தான் சாயங்காலம் அப்படியே ஒத்திகைக்குப் போகமுடியும். அந்த வேனில் உட்கார்கிற ஆட்களைவிட நிற்கிற ஆட்கள் அதிகம்.

உறையைத் திறந்து கல்லாமேசையில் வைத்தாள். எல்லோரும் ஆசைப்படுகிற, போஸ்டரில் வருகிற அதே வடிவம். தலை பின்பக்கம் சாய்ந்து அழகாக இருக்கும். அந்தச் சாய்மானத்தில்தான் முறியும். முறிந்திருந்தது.

"அண்ணே, மறுபடியும்."

"இந்தத் தடவ யாரு?"

"பின் சீட்டு அக்கா. தூங்கி விழுந்தாக. தல மேல தல மோதிருச்சு."

"அவுகளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அவுக தல கெட்டி. ஒட்டித் தாங்கண்ணே, ஆயுத பூசைக்கு எங்க ப்ரெஸ்லயே ப்ரோகிராம்."

நான் அந்த முறிவைப் பார்த்தேன். ஏற்கெனவே நான் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகப் போயிருந்தது. மரம் நார் நாராகப் பிரிந்து கிடந்தது. "இது இனி நிக்காதும்மா" என்றேன்.

அவள் முகம் மாறியது. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிக்கும் மாஸ்டர். ஆயுத பூஜை மேடையில் யார் நிற்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் அந்த வருஷத்துக் கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல் எல்லாவற்றுக்கும் ஆள் பேசுவார். சாத்தூரிலிருந்து ஒருவன் நல்ல கிட்டாரோடு வந்து காத்துக்கொண்டிருக்கிறான்.

"கிட்டாரோட வந்தா நீ, இல்லன்னா அவன்னு சொல்லிட்டாரு. அந்த மேடைல நிக்கலேன்னா வருசம் பூரா எனக்குத் தகரம் அடிக்கிற சத்தம் மட்டுந்தான் அண்ணே."

இந்த இடத்தில் விற்பனையாளனாக நான் ஏதோ சாமர்த்தியம் செய்ததாக எழுதலாம். உண்மையில் கதவைத் தள்ளப்போனவள் அவளாகத்தான் பின்னால் தொங்கிய முண்டத்தைப் பார்த்தாள். எடுத்து மடியில் வைத்தாள். இரண்டு பக்கமும் முழங்கையால் அளந்தாள். "வேன்ல முழங்காலுக்கு நடுவுல நிக்கும்" என்றாள். அது கிட்டார் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை. எங்கள் தொழிலில் எந்த வீடியோவிலும், எந்தக் கம்பெனி விளம்பரத்திலும் இல்லாத பாராட்டு. பிறகு வாசித்தாள். என் அரைப்பாட்டைத்தான் வாசித்தாள், கேலிக்கு. பாதியில் நிற்காமல் முடிவு வரைக்கும் போனாள். அந்தப் பின்பாதி எப்படி இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அண்ணாச்சி தாராள மனசோடு உத்தரவு போட்டார். "கொண்டு போகட்டும்லே. மேடையேறுனா அவளுக்கு, ரூவாய மெதுவா வாங்கிக்கிடலாம். ஏறலேன்னா திரும்பக் கடைக்குக் கொண்டாந்துறாத. ஒன் வீட்டுக்குக் கொண்டு போயிரு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒத்திகைக்கு நானும் கூடவே போனேன், தொழில்நுட்ப ஆலோசகர் என்ற எண்ணத்தில். சிவகாசியில் ஒரு டீக்கடைக்கு மேல் மாடி. மாஸ்டர் உறையைத் திறந்து பார்த்ததும் எனக்குத்தான் முதலில் வணக்கம் வைத்தார்.

"கடைக்காரரே, பொழுது போகலையா உங்களுக்கு?"

"மாஸ்டர், ஒரு நிமிசம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. சத்தத்த மட்டும் கேளுங்க" என்றேன். இந்த உத்தியை நான் நெடுநாளாக மனதில் வைத்திருந்தேன். மாஸ்டரும் நல்ல மனிதர், திரும்பிக்கொண்டார். மாரீஸ்வரி வாசித்தாள். மாஸ்டரின் தலை தானாக ஆடியது. கால் தாளம் போட்டது. "அடடா" என்றுகூடச் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, "இப்பத் திரும்புங்க" என்றேன்.

திரும்பினார். பார்த்தார். கால் நின்றது.

"சத்தம் சரிதான். ஆனா..." என்று ஆரம்பித்தார். தம்பிகளே, இந்தத் தொழிலில் 'ஆனா' வந்துவிட்டால் சாமானை மடித்து வைக்க ஆரம்பித்துவிடலாம்.

"அந்த ப்ரெஸ்ல முதலாளியம்மா மேடைக்கு வந்து ஒவ்வொரு கருவிக்கும் தன் கையாலயே பொட்டு வைப்பாக. வருசா வருசம் அப்படித்தான். இந்த முண்டத்தக் கொண்டு போயி அவுக முன்னாடி நிறுத்துனா எங்கன வைப்பாக? நல்ல நாளும் அதுவுமா அபசகுனம்னு நெனச்சுட்டா அடுத்த வருசம் நம்மளக் கூப்பிடுவாகளா?"

"கழுத்துல வைக்கலாமே மாஸ்டர்" என்றாள் மாரீஸ்வரி.

"நீ சொல்லுவ. அவுக நெனைக்கணுமே. தல இருந்தா வா தாயி. இல்லாட்டி சாத்தூரான் நிக்கட்டும்."

படி இறங்கும்போது அவள் ஒன்றுமே பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. மௌனம் தாங்காத ஆட்களுக்கு மோசமான யோசனைகள் சீக்கிரம் வரும். "தலதான வேணும்?" என்றேன். "செஞ்சிருவோம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கைவேலை என்று வந்துவிட்டால் காலண்டர்க்காரிக்குச் சொல்லவா வேண்டும்? தேதி தப்பாக அச்சாகி ஒதுக்கிப் போட்ட காலண்டர் அட்டைகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தாள். நாலைந்து அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, போஸ்டரில் வருகிற அதே வடிவத்தில் அறுத்து, முன்பக்கம் பளபளவென்று கறுப்புத் தாள் போர்த்தினாள். பிள்ளைகள் துப்பாக்கியில் போட்டு வெடிக்கும் ரோல் கேப் வருகிற சின்ன டப்பாக்களின் மூடி ஆறு எடுத்து, வெள்ளி நிறம் அடித்து, சுருதி கீ மாதிரி பதித்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் நானே ஏமாந்துவிடுவேன். கிட்டத்திலிருந்தும் ஏமாந்தேன், ஒரு மூடியைத் திருகிப் பார்த்தேன்.

அதைக் கிட்டாரோடு சேர்க்கிற வேலை மட்டும் என்னுடையது. இங்கேதான் என் அனுபவம் முழுவதையும் காட்டினேன். நல்ல பசை போட்டால் கழுத்தில் தழும்பு விழும். மேடையேறாமல் திரும்பினால் தழும்போடு அது என் வீட்டுக்கு வரும். என் மனைவி அதற்கும் விளக்கம் கேட்பாள். ஆகையால் இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடாவை நாசூக்காக ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்திவிட்டேன். மாஸ்டர் வந்து பார்த்தார். தலையைத் தட்டினார். "இப்பத்தான் இது கிட்டாரு" என்றார். "சத்தம்கூட மாறிருச்சு பாத்தீகளா?"

ஆயுத பூஜையன்று மத்தியானம். அச்சகத்து முற்றத்தில் பந்தல். இயந்திரங்கள் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றன. பெண்கள் பொரியும் லட்டும் வாங்கிக்கொண்டு பிரிவு பிரிவாக உட்கார்ந்திருந்தார்கள். பைண்டிங் பிரிவு முன்வரிசை, தங்கள் ஆள் மேடையில் நிற்கிறாள் என்ற பெருமை. சாத்தூர்ப் பையனும் வந்திருந்தான், கிட்டாரைத் தோளில் மாட்டியபடி மேடைக்குப் பக்கத்திலேயே. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால்.

முதலாளியம்மா சந்தனக் கிண்ணத்தோடு மேடை ஏறினார். கீபோர்டுக்கு வைத்தார், ட்ரம்முக்கு வைத்தார், தபேலாவுக்கு வைத்தார். மாரீஸ்வரியிடம் வந்தார். ஆசையோடு, மனசார, சந்தனத்தைக் குழைத்து அந்தத் தலையில் அழுத்தி வைத்தார்.

தலை அவர் கையோடு வந்துவிட்டது.

நல்ல நாளில், பூஜை நேரத்தில், முதலாளியம்மா கையில் ஒரு தலை. சாத்தூர்ப் பையன் தோள் வாரைச் சரிசெய்துகொண்டான். நெருக்கடியில் மூளை வேலை செய்யவேண்டும் என்று உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? என் மூளையும் வேலை செய்தது. இன்னும் ஒரு சுற்று நாடா சுற்றியிருக்கலாம் என்றது. பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து, "அம்மா, பிள்ளையாருக்கே மொதல்ல..." என்று ஆரம்பித்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்ததும் மிச்சம் மறந்துபோனது. வாழ்க்கையில் எனக்கு எதுவும் முன்பாதிக்கு மேல் வந்ததில்லை.

முதலாளியம்மா என்னைக் கவனிக்கவில்லை. கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் தாள் போர்த்தவில்லை. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இது நம்ம காலண்டர் அட்டையில்லா?"

ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஒட்டு விட்டுருச்சே! விரல் பட்டதும் கழண்டு வருது. சூப்பர்வைசர்! இங்க வாங்க. ஊரூருக்கு ஆர்டர் அனுப்புறோமே, இப்படித்தான் ஆணியில மாட்டுனதும் கழண்டு விழப்போகுதா? சீசன் நேரத்துல எந்தப் பசையப் போட்டீக?"

சூப்பர்வைசர் ஓடி வந்தார். அட்டையைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். "பைண்டிங்ல யாரும்மா ஒட்டுனது?" என்று ஒரு சத்தம் போட்டார். லட்டை வாயில் வைத்திருந்த அக்காக்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

மாரீஸ்வரிக்கு முன்னால் இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டால் மேடையில் ஒருவேளை நிற்கலாம். பழி அவள் கூட வேலை பார்க்கிறவர்கள்மேல் விழும். வாயைத் திறந்தால் நாங்கள் செய்த பித்தலாட்டம் வெளியே வரும். இடம் சாத்தூருக்குப் போகும். அவள் முன்வரிசையை ஒருதரம் பார்த்தாள்.

"அம்மா, விட்டுப்போன ஒட்டு எங்க ஒட்டு இல்ல. அட்டையோட அட்டைய ஒட்டுனது மட்டுந்தான் நானு. வேணும்னா பிச்சுப் பாருங்க, வராது. அட்டையக் கிட்டாரோட ஒட்டுனது அந்தா பெட்டிக்குப் பின்னாடி நிக்கிற அண்ணன்."

முதலாளியம்மா நகத்தை விட்டு அட்டைகளைப் பிரித்துப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். வரவில்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது. "ம். பசை சரியாத்தான் இருக்கு" என்றார். முன்வரிசையில் லட்டு மறுபடி மெல்லப்பட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு?"

"கிட்டார் கடைம்மா. விருதுநகரு."

"எதுக்கு இத ஒட்டுனீக?"

"நீங்க பொட்டு வைக்கத்தாம்மா."

"நானா கேட்டேன்?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் கீபோர்டில் ஏதோ தூசியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இதுக்குத் தல கிடையாதும்மா" என்றாள் மாரீஸ்வரி. "இருந்ததே இல்ல. இப்படித்தான் செஞ்சு வருது. நல்ல நாள்ல நீங்க தப்பா நெனச்சிருவீகன்னு..."

"தல இல்லாட்டி பாட்டு வராதா?"

"வரும்மா."

"அப்புறம் என்ன?" முதலாளியம்மா கையை நீட்டி, மாலையோடு நின்ற பெரிய அச்சு இயந்திரத்தைக் காட்டினார். "அந்தா நிக்குதே, அதுக்குத் தல எங்கன இருக்கு, காட்டு பாப்போம். எங்க வீட்டுல அடுப்பெரியுறதே அதால. வருசா வருசம் பொட்டு வச்சுக்கிட்டுத்தான இருக்கேன்?"

சொல்லிக்கொண்டே சந்தனத்தை எடுத்துக் கிட்டாரின் உடம்பில், கம்பிக்கு மேலே, விரல் அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். குங்குமம் வைத்தார். அந்த அட்டைத் தலையைச் சூப்பர்வைசரிடம் கொடுத்து, "இத சாம்பிளுக்கு வைங்க, நல்ல ஒட்டு" என்றார். "பேரென்ன தாயி? எந்தப் பிரிவு?"

"மாரீஸ்வரிம்மா. பைண்டிங்."

"வாசி, கேப்போம்."

வாசித்தாள். அந்த மத்தியான வெயிலில், தகரப் பந்தலுக்குக் கீழே, பேஸ் கிட்டார்காரர் பாட்டுக்குப் பாட்டு சுருதியைத் திருகிக்கொண்டிருந்தார். இவள் கடைசிவரை கீயில் கை வைக்கவில்லை. நான் இத்தனை நாள் எல்லோருக்கும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்த அருமை அதுதான், கண்ணெதிரில் நடக்கிறது. கவனித்தது பந்தலிலேயே நான் ஒருவன். நன்றியுரையில் மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "புதுமையான தலையில்லாக் கிட்டாரை இந்த வட்டாரத்திலேயே முதன்முதலாக மேடையேற்றியது எங்கள் குழு" என்று அறிவித்தார். அந்த வருஷம் முழுவதும் மாரீஸ்வரிதான் நின்றாள். சாத்தூர்ப் பையன் வேறு குழுவுக்குப் போனான். நல்ல வாசிப்புக்காரன் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இனி நீங்கள் எதிர்பார்க்கிற இடம். அடுத்த வாரமே கடையில் கூட்டம். பைண்டிங்கில் யாரோ ஒரு அக்கா தலை கையோடு வருகிற காட்சியைப் போனில் பிடித்துப் போட்டுவிட்டார், அது எங்கெங்கோ சுற்றியிருக்கிறது. தலையில்லாத கிட்டாருக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்று நினைத்து நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தவர் கேட்டார்:

"அண்ணே, அந்தத் தல கழண்டு வர்ற மாடல் இருக்கா?"

அதற்குத் தலையே கிடையாது, அது வெறும் காலண்டர் அட்டை என்று விளக்க வாயைத் திறந்தேன். அண்ணாச்சி கல்லாவிலிருந்து குறுக்கே பாய்ந்தார். "இருக்கு தம்பி, உக்காருங்க. ஏலே, சிவகாசிக்கு ஒரு போனப் போடு. அட்டை எம்புட்டு வேணும்னு கேட்டு வாங்கு."

அந்த சீசனில் நாங்கள் விற்ற தலையில்லாத கிட்டார் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை இலவசம். தலை கொஞ்சம் வளைந்திருந்தால் வாடிக்கையாளர்கள் மாற்றித் தரச் சொன்னார்கள். கிட்டார் எப்படி இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

ஆகவே, நல்ல வடிவங்கள் ஏன் மதிக்கப்படுவதில்லை என்று கேட்டுக்கொண்டு வராதீர்கள். மதிக்கப்படும்போது பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கும். உங்களுக்கு உருப்படியாக ஒன்று சொல்லவேண்டுமென்றால் இதுதான். மாஸ்டர், நான், மாரீஸ்வரி மூன்று பேரும் அந்த அம்மா என்ன நினைப்பார் என்று யோசித்து யோசித்து அட்டையில் ஒரு தலையே செய்துவிட்டோம். சந்தனக் கிண்ணம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாடிக்கையாளர் 'ஆனா' என்று இழுத்தால், அவர் யாருக்குப் பயந்து இழுக்கிறார் என்று பாருங்கள். பல நேரம் அந்த ஆளுக்கு இந்த விஷயமே தெரிந்திருக்காது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு மாரீஸ்வரி கம்பி மாற்ற வந்தாள். அதே கிட்டார். வேனில் முழங்காலுக்கு நடுவே நின்று நின்று ஓரமெல்லாம் மழுங்கிப்போயிருந்தது, எங்கேயும் முறியவில்லை. கம்பிக்கு மேலே அந்தச் சந்தனப் பொட்டு காய்ந்து, வார்னிஷைத் தின்று, தழும்பாகியிருந்தது. கடைசிக் காலத்தில் ஒரு நல்ல வேலை செய்துவிட்டுப் போவோம் என்று பாலிஷ் துணியை எடுத்தேன்.

"விடுங்கண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது இருந்தாத்தான் மாஸ்டருக்கு இது கிட்டாரு."